கூரை தாழ்த்திய பழைய கார்: கோளாறு தெரியும் இடமும் அது பிறந்த இடமும்

கதவு மேல் மூலையில் உரசினால் பெரும்பாலானவர்களின் கை உடனே தகரம் தேய்க்கும் கிரைண்டருக்குத்தான் போகும். கூரையைத் தாங்கும் பில்லர்களில் (தூண்களில்) ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கூரையைத் தாழ்த்திய காரில் அது தவறான மருந்து. கதவு பழைய கதவுதான், அதன் அளவு மாறவில்லை. அசைந்தது பாடி. தேய்த்துவிட்டால் இன்றைக்குக் கதவு மூடும். ஆனால் நாளைக்கு முன் கண்ணாடி உட்காராது, அதற்கடுத்த நாள் கூரையின் தகரம் அலையடிக்கும். இந்த வேலையில் ஒரு கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்றாகவும், அது பிறந்த இடம் வேறாகவும் இருப்பதுதான் வழக்கம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் அதன் மூலத்துக்குப் பின்னோக்கிப் போயிருக்கிறேன்.

எந்தக் காரைத் தாழ்த்துகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓட்டியவர்கள் எதிர்க்காற்றைக் குறைக்கக் கூரையை வெட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த 1932 ஃபோர்டு மாதிரியான கார்களில் பில்லர்கள் ஏறக்குறைய நேராக நிற்கும். நான்கு இடத்தில் ஒரே அளவு வெட்டிக் கூரையை இறக்கினால் கிட்டத்தட்ட பொருந்திவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1949-51 மெர்குரி அப்படியல்ல. அதில் முன் பில்லர் பின்னோக்கிச் சாய்கிறது, பின் கண்ணாடி முன்னோக்கிச் சாய்கிறது, பக்கங்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. 1952-ல், கார்களை விருப்பப்படி உருமாற்றும் (கஸ்டம்) பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் பாப் ஹிரோஹாட்டாவுக்காகச் செய்த 1951 மெர்குரியில் முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் தாழ்த்தியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஏன் வேறு வேறு அளவு என்பது புரிந்துவிட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதி உங்களுக்கு வராது.

வெட்டும் முன்

கார் சாலையில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்க வேண்டும். தன் சக்கரங்களின் மேல் நிற்கலாம், அல்லது சஸ்பென்ஷன் பாரம் தாங்கும் இடங்களில் வைத்த ஸ்டாண்டில் நிற்கலாம். சேஸிஸின் (அடிச்சட்டத்தின்) நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டக் கூடாது. 25 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூபால் உள்ளே ஒரு கூண்டு கட்டுங்கள். கதவின் கீல் இருக்கும் பில்லரிலிருந்து லாக் பிடிக்கும் பில்லருக்கு ஒன்று, அதற்குக் குறுக்காக ஒன்று, இடமிருந்து வலமாக முன்னும் பின்னும் ஒவ்வொன்று. எல்லாம் வெட்டுக்கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். கதவு திறந்து மூட இடம் விட்டு, வாசலுக்கு உட்புறமாகத் தள்ளி வையுங்கள். வேலை நடக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பார்க்க முடியாவிட்டால் அந்தக் கூண்டால் பாதிப் பயன்தான்.

அப்புறம் அளவுகள். இரண்டு கதவு வாசலின் மூலைவிட்டங்கள், முன் கண்ணாடித் திறப்பின் மூலைவிட்டங்கள், ஒவ்வொரு கதவுக்கும் சுற்றிலும் உள்ள இடைவெளி, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பழைய கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்திருக்காது. அந்த வித்தியாசம் முன்பே இருந்ததா, நீங்கள் உண்டாக்கியதா என்று பின்னால் சொல்லக்கூடியது இந்தத் தாள் மட்டும்தான்.

பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, உள்கூரைத் துணியையும் இருக்கைப் பஞ்சையும் அகற்றிவிடுங்கள். கண்ணாடி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. வெல்டிங் தீப்பொறி கண்ணாடியில் பதித்த குழி போகவே போகாது.

கூரையைத் தூக்கியதும் கதவு இடைவெளி மாறிவிட்டது

கூரை இல்லாத பாடி மூடி கிழிந்த அட்டைப்பெட்டி மாதிரி, தன் எடைக்கே வளையும். மேலே இடைவெளி குறைந்து கீழே கூடியிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. இரண்டு முனைகள் தொங்கி நடு உயர்ந்திருந்தால் மேலே இடைவெளி விரிந்திருக்கும். ஒரு பக்கக் கதவு மட்டும் மாறியிருந்தால் பாடி முறுகியிருக்கிறது என்று பொருள்.

முதலில் கீல்களைச் சந்தேகியுங்கள். கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கீல் ஆணி தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். அப்படியானால் கீலைச் சரிசெய்யும் வரை வேறு எந்த அளவையும் நம்ப முடியாது. ஆட்டம் இல்லையென்றால் பாடியைத் தாங்கும் இடங்களைப் பாருங்கள். ஸ்டாண்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் மெல்லிய தகடு வைத்து உயர்த்தி, எழுதி வைத்த மூலைவிட்டம் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். வந்த பிறகு கூண்டின் எந்தக் குழாய் விட்டுக்கொடுத்ததோ அதை அறுத்து மறுபடி வெல்ட் செய்யுங்கள். இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முன் பில்லர் மேல்பாதியும் கீழ்பாதியும் சந்திக்கவில்லை

இதுதான் எல்லோரும் முட்டி நிற்கும் இடம். காரணம் வடிவியல். சாய்ந்த பில்லரில் மேலே போகப் போகப் பின்னால் போகிறோம். கூரையை நேராகக் கீழே இறக்கினால் மேல்துண்டின் முனை கீழ்த்துண்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். எவ்வளவு பின்னால் என்பதற்குக் கணக்கு உண்டு. செங்குத்துக்கோட்டிலிருந்து பில்லர் சாயும் கோணத்தின் டேன்ஜென்ட்டை, இறக்கும் உயரத்தால் பெருக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்த பில்லரில் 100 மில்லிமீட்டர் இறக்கினால் 58 மில்லிமீட்டர் விலகும். பின்பக்கம் எதிர்த்திசையில் 20 டிகிரி சாய்வு என்றால் அங்கே 36 மில்லிமீட்டர். ஆக, தாழ்த்திய கூரைக்கு 94 மில்லிமீட்டர் நீளம் போதவில்லை. வெட்டியவர் கையில் பிழையே இல்லாவிட்டாலும் இந்த 94 இருக்கும். இதை எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்பதே இந்த வேலையின் முதன்மையான முடிவு. கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே காகிதத்தில் எடுக்க வேண்டிய முடிவு அது.

மூன்று வழிகள் உண்டு.

கூரையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, முன்பாதியை முன்னாலும் பின்பாதியைப் பின்னாலும் நகர்த்தி, நடுவில் தகரப் பட்டை வைத்து நிரப்பலாம். முன் கண்ணாடியின் சாய்வு மாறாது, பில்லர்கள் தத்தம் இடத்திலேயே இருக்கும். ஆனால் கூரையின் குறுக்கே நீளமான வெல்டிங் வரும். அகலமான, தட்டையான தகரத்தில் சூடு செய்யும் சேதம் அதிகம். பட்டையும் வெறும் தட்டைத் துண்டாக இருக்கக் கூடாது. இருபுறக் கூரையின் வளைவையும் அதில் கொண்டுவராவிட்டால் நடுவில் ஒரு சமதளம் தெரியும்.

இரண்டாவது வழியில் முழுக் கூரையையும் முன்னால் நகர்த்தி, விடுபட்ட 94 மில்லிமீட்டரையும் பின் கண்ணாடியைச் சுற்றி நிரப்புவார்கள். கூரை வெட்டப்படாது. ஆனால் நடு பில்லரின் மேல்பாதி 58 மில்லிமீட்டர் முன்னால் போய்விடும். பில்லர் முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும். மெர்குரிகளில் இந்தச் சாய்வையே அழகு என்று விரும்பிச் செய்கிறவர்கள் உண்டு, எனக்கும் அது பிடிக்கும். கதவுக் கண்ணாடிக்கு அது தரும் தொல்லையைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது, கூரையை நகர்த்தாமல் முன் பில்லரை அடியில் வெட்டிப் பின்னால் சாய்ப்பது. இங்கே பலர் தவறவிடும் கணக்கு ஒன்று இருக்கிறது. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள பில்லர் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, 100 இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாய்வை மாற்றாமல் வெட்டினால் பில்லரின் நீளவாக்கில் 115 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். சாய்ப்பதானால் சாய்வே கொஞ்சம் உயரத்தை விழுங்கிவிடும், அதனால் எடுக்க வேண்டியது ஏறக்குறைய 83-தான். புதிய சாய்வு 39 டிகிரி. 115 எடுத்த பிறகு சாய்த்தால் பில்லர் குட்டையாகிவிடும், திரும்ப ஒட்டுப் போட வேண்டும். கண்ணாடி முன்னைவிடப் படுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கதவுச் சட்டத்தின் முன்காலும் அதே அளவு சாய வேண்டும்.

ஏற்கெனவே வெட்டிவிட்டு இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்றால், பில்லர்களை இழுத்து ஒட்டவைக்காதீர்கள். இழுத்து வைத்த பில்லர் ஒரு வில். கூண்டை எடுத்த அன்றே அது தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், கதவு இடைவெளிகள் கூடவே போகும். விலகலை அளந்து, மேலே உள்ள மூன்றில் ஒன்றுக்குப் போங்கள்.

கூரை முன்னால் குனிந்தோ பின்னால் உட்கார்ந்தோ இருக்கிறது

எல்லாப் பில்லரிலும் 4 அங்குலம்தான் வெட்டினேன், ஆனாலும் கூரை சாய்ந்திருக்கிறதே என்றால், அளவு நாடாவை எந்தத் திசையில் வைத்து அளந்தீர்கள் என்று பாருங்கள். 30 டிகிரி சாய்ந்த பில்லரின் மேலே நீளவாக்கில் 100 மில்லிமீட்டர் அளந்து வெட்டினால் கூரை இறங்குவது 87 மட்டுமே. நேராக நிற்கும் நடு பில்லரில் அதே 100 முழுசாக 100 இறக்கும். வெட்டுக்கோடுகளைத் தரையிலிருந்து நேர் உயரத்தில் குறிக்க வேண்டும். காரை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்திக்கொண்டு, தரையில் நிற்கும் ஓர் அளவுக்கோலின் நுனியில் மார்க்கரைக் கட்டிச் சுற்றிவந்தால் போதும், எல்லாக் கோடுகளும் ஒரே தளத்தில் விழும்.

கூரை அகலம் குறைவாக நிற்கிறது

பக்கங்கள் உள்நோக்கி 10 டிகிரி சாய்ந்திருந்தால் 100 மில்லிமீட்டர் இறக்கும்போது ஒவ்வொரு பக்கமும் சுமார் 18 மில்லிமீட்டர் போதாமல் போகும். இதைக் கூரையை நீளவாக்கிலும் பிளந்து பட்டை வைத்துத் தீர்க்கலாம். ஏற்கெனவே குறுக்கே வெட்டியிருந்தால் கூரை அப்போது நான்கு துண்டாகும். அல்லது பில்லர்களின் அடியில் ஆப்பு வடிவில் கீறி உள்ளே சாய்க்கலாம். சாய்த்தால் கதவுச் சட்டங்களும் சாய வேண்டும், பக்கக் கண்ணாடியும் அந்தத் தளத்துக்கு வர வேண்டும். 18 மில்லிமீட்டருக்கு நான் சாய்ப்பையே தேர்ந்தெடுப்பேன். கூரையின் நடுவில் தலையிலிருந்து வால்வரை ஒரு வெல்டிங் கோட்டைச் சமாளிப்பதைவிட அது எளிது.

அளவெல்லாம் சரி, பார்க்க மட்டும் சரியில்லை

இதையும் நான் கோளாறாகத்தான் எண்ணுகிறேன். டேக் (புள்ளி புள்ளியான தற்காலிக வெல்ட்) மட்டும் அடித்திருக்கும் நிலையிலேயே கண்டுபிடிக்க வேண்டிய கோளாறு இது. காரை வெளியே தள்ளி, சற்றுத் தூரத்தில் இருந்து, கதவுக் கைப்பிடி உயரத்தில் கேமராவை வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். கிட்டே நின்று பார்க்கும் கண் பழகிப்போயிருக்கும், படம் பழகியிருக்காது.

கூரையின் பின்பகுதி முதுகு மாதிரி எழும்பித் தெரிந்தால் முன்னும் பின்னும் ஒரே அளவு தாழ்த்தியிருப்பீர்கள். மெர்குரியின் கூரை பின்னால் கனமானது. ஹிரோஹாட்டா காரின் 4-க்கு 7 இந்தக் கனத்தைக் கரைப்பதற்குத்தான். பின்னால் கூடுதலாக இறக்கும்போது கூரையின் கோடு டிக்கியின் கோட்டோடு உடையாமல் போய்ச் சேரும். பக்கக் கண்ணாடி வாசல் வெறும் கீறலாகத் தெரிந்தால் தேவைக்கு மேல் இறக்கிவிட்டீர்கள். திறப்பு சரியாக இருந்தும் கனமாகத் தெரிந்தால் கதவுச் சட்டத்தின் தடிமனைப் பாருங்கள். திறப்பு குறுகியபோது சட்டம் மட்டும் பழைய தடிமனில் இருக்கிறது. அதை மெலிதாக்கினால் கூரையே லேசாகிவிடும்.

ஓட்டுநரின் பார்வையையும் இப்போதே சோதியுங்கள். சொல்லப்போனால் வெட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். முன் கண்ணாடியின் மேல்பகுதியில் இறக்கப்போகும் உயரத்துக்குக் காகிதம் ஒட்டிவிட்டு இருக்கையில் உட்காருங்கள். தலையைக் குனியாமல் சிக்னல் விளக்கைப் பார்க்க முடியவில்லை என்றால் இருக்கையின் அடித்தளத்தை இறக்க வேண்டும், அல்லது தாழ்த்தும் அளவைக் குறைக்க வேண்டும். அழகுக்காகப் பார்வையை விட்டுக்கொடுப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

பில்லர் சந்திக்கிறது, ஆனால் படிக்கட்டு மாதிரி நிற்கிறது

பில்லர் அடியில் பருத்து மேலே மெலியும். நடுவில் ஒரு துண்டை எடுத்தால் பருத்த முனையும் மெலிந்த முனையும் நேருக்கு நேர் வரும். பட்டி போட்டு மறைக்கத் தோன்றும், வேண்டாம். பருத்த துண்டின் முகத்தில் நீளமாகக் கீறி, ஆப்பு வடிவத் துண்டை எடுத்து, இறுக்கி மூடி வெல்ட் செய்யுங்கள். கீறல் நீளமாக இருந்தால்தான் மெலிவு இயல்பாகத் தெரியும். இனிமேல்தான் வெட்டப்போகிறீர்கள் என்றால் பில்லரில் தடிமன் குறைவாக மாறும் இடத்தைத் தேடி அங்கே வெட்டுங்கள்.

வெளித்தகட்டையும் உள்தகட்டையும் ஒரே கோட்டில் வெட்டாதீர்கள். இரண்டுக்கும் 50 மில்லிமீட்டராவது விலகல் இருக்கட்டும். உள்ளே ஓர் இரும்புத் தகட்டை மடித்து உறை மாதிரி செருகி, துளைகள் வழியாக நிரப்பி வெல்ட் செய்தால் இணைப்பு பில்லரின் பழைய பலத்துக்குப் பக்கத்தில் வரும். கார் உருண்டால் கூரையைத் தாங்கப்போவது இந்த இணைப்புதான்.

கதவுச் சட்டம் கூரையின் கோட்டில் ஓடவில்லை

கூரையையும் கதவுச் சட்டத்தையும் ஒரே நேரத்தில் வெட்டி ஒட்டினால் இது கட்டாயம் வரும். கூரை முழுசாக நின்ற பிறகு, கதவைக் கீலில் தொங்கவிட்டு லாக் போட்டு மூடி, ரப்பர் பீடிங்கின் அமுங்கிய தடிமனுக்குச் சமமான மரத்துண்டுகளை வாசலில் ஒட்டிவைத்து, அதன்மேல் சட்டத் துண்டுகளைச் சாய்த்து டேக் அடியுங்கள். வாசலே அச்சு, சட்டம் அதைப் பின்பற்ற வேண்டும். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால் எந்த மூலை விலகியதோ அதற்கு எதிர்மூலையில் வெட்டித் திருப்புங்கள். விலகிய மூலையையே வளைத்தால் சட்டத்தின் நேர்க்கோடு போய்விடும்.

முன் கண்ணாடி உட்காரவில்லை, அல்லது பொருத்திய பிறகு தானாக விரிசல் விடுகிறது

கல் பட்ட புள்ளி எதுவும் இல்லாமல் விளிம்பிலிருந்து கிளம்பும் விரிசல் என்றால் திறப்பு முறுகியிருக்கிறது. தட்டைக் கண்ணாடியானால் சோதனை எளிது. திறப்பின் நான்கு மூலைகளிலும் எதிரெதிராக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருந்தால் நூல்கள் நடுவில் லேசாகத் தொட்டுக்கொள்ளும். நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் ஏதோ ஒரு மூலை அதைப்போல் இரு மடங்கு, அதாவது 6 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும் கார்களில் ஒவ்வொரு பாதிக்கும் தனியாகச் செய்யுங்கள்.

கண்ணாடியை வெட்டக் கொடுக்கும் முன் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அச்சு செய்து, ரப்பரோடு பொருத்திப் பாருங்கள். அச்சைத் தட்டித்தான் உள்ளே போட முடிகிறதென்றால் கண்ணாடியும் அதே அழுத்தத்தில்தான் வாழப்போகிறது.

எந்தக் கண்ணாடியை வெட்டலாம் என்பதில் குழப்பம் வேண்டாம். இரண்டு தாளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் உள்ள லேமினேட்டட் கண்ணாடியை வெட்டலாம். டெம்பர் செய்த கண்ணாடியை வெட்டவே முடியாது, கீறியதும் பொடியாகக் கொட்டும். பின் கண்ணாடி டெம்பர் செய்ததாக இருந்தால் அதை முழுசாகவே வைத்துக்கொண்டு, அதன் சட்டத்தோடு சேர்த்து முன்னால் படுக்க வைப்பதே அனுபவசாலிகள் போகும் வழி. அதே கண்ணாடி, சாய்வு மட்டும் அதிகம். கூரை இறங்கிய கணக்கும் அதில் சேர்ந்துவிடுகிறது.

கதவுக் கண்ணாடி முக்கால்வாசி ஏறி நின்றுவிடுகிறது

கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடி ஓடும் இரண்டு சேனல்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். மேலே குறைந்துகொண்டே போனால் அங்கேதான் சிக்குகிறது. நடு பில்லரை முன்னோக்கிச் சாய்த்த கார்களில் இது வரும். சட்டத்துக்குள் இருக்கும் பின்சேனல் சாய்ந்துவிட்டது, முன்சேனல் பழையபடி நிற்கிறது.

தீர்வு இரண்டு. முன்சேனலையும், கதவுக்குள் இருக்கும் அதன் அடிப்பாகத்தோடு சேர்த்து, அதே கோணத்துக்குச் சாய்க்கலாம். அப்போது கண்ணாடி சாய்வாகவே ஏறி இறங்கும், கதவுக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று அட்டையை வெட்டி இறக்கிப் பாருங்கள். அல்லது சேனல்களை நேராகக் கதவுக்குள்ளேயே முடித்துவிட்டு, கண்ணாடியின் பின்விளிம்பைச் சாய்வாக வெட்டி, முழுசாக ஏறிய பிறகுதான் சட்டத்தின் ரப்பரைத் தொடும்படி விடலாம். மேலே சட்டம் இல்லாத ஹார்ட்டாப் கார்களின் முறை இதுதான். கண்ணாடி குட்டையானதால் அது எங்கே நிற்க வேண்டும் என்பதும் மாறியிருக்கும். ரெகுலேட்டருக்குப் புதிய தடை வைக்காவிட்டால் கண்ணாடியின் மேல்விளிம்பு சட்டத்தில் மோதும்.

கூரை பொக்கென்று உள்ளே போய் வெளியே வருகிறது

கையால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் சத்தத்தோடு வெளியே வருகிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மருந்தோ நேர் எதிரெதிர், மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

வெல்டிங் கோட்டை ஒட்டி இருபுறமும் தகரம் உப்பி, கோடு மட்டும் பள்ளமாக இருந்தால், வெல்டிங் ஆறும்போது சுருங்கியிருக்கிறது. சுருங்கியதை நீட்ட வேண்டும். வெல்டிங் மேட்டைத் தகரத்தின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி தேய்த்துவிட்டு, அடியில் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டையை) வைத்து, நேராக அந்தக் கோட்டின் மேலேயே சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு தட்டிலும் அது கொஞ்சம் நீளும், இருபுற உப்பலும் அடங்கும். இந்த இடத்தில் உப்பலைச் சூடாக்கிச் சுருக்குகிறவர்கள்தான் கூரையைக் கெடுக்கிறார்கள். கேஸ் வெல்டிங்கும் டிக் (TIG) வெல்டிங்கும் இந்தத் தட்டலுக்கு இசைந்து கொடுக்கும். மிக் (MIG) வெல்டிங்கின் மேடு கெட்டியாக இருக்கும், பொறுமையாகத் தட்டாவிட்டால் விரிசல் விடும்.

பக்கத்தில் வெல்டிங் எதுவும் இல்லாத இடத்தில் மேடு இருந்தால், அது முன்பு அடித்து நீண்டுபோன தகரம். அங்கேதான் சூடு வேலை செய்யும். மேட்டின் உச்சியில் ஒரு சிறிய வட்டத்தை மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி, சுற்றிலும் லேசாகத் தட்டி, ஈரத்துணியால் குளிரவையுங்கள். ஒரு வட்டம் முடிந்து, அதன் விளைவைப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

வெல்ட் செய்யும்போதே தடுக்கலாம். பழைய கூரைத் தகரம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேருக்கு நேர் முட்டட்டும், இடையில் தகரத்தின் தடிமனுக்கு மேல் இடைவெளி வேண்டாம். 25 மில்லிமீட்டருக்கு ஒரு டேக், பிறகு டேக்குகளுக்கு நடுவில் ஒன்று, இடம்விட்டு இடம் தாவி. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். காற்றடித்து அவசரப்படுத்தாதீர்கள்.

வெயிலில் கோடு தெரிகிறது, நிழலில் மறைகிறது

தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இணைப்பு. இரட்டைத் தடிமன் உள்ள இடம் வெயிலில் வேறு வேகத்தில் விரிகிறது. இடுக்கில் ஈரமும் தங்கி, உள்ளிருந்து துரு கிளம்பும். மேலே பட்டி போட்டுப் பயனில்லை. அறுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துச் செய்ய வேண்டும்.

பெயின்ட் அடித்த பிறகு பில்லரில் விரிசல் அல்லது கொப்புளம்

விரிசல் பில்லருக்குக் குறுக்காக நேர்க்கோட்டில் இருந்தால் அடியில் உள்ள வெல்டிங் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே உறை இல்லாமல் இணைப்பு அசைகிறது. தாறுமாறாகச் சிறு சிறு கோடுகளாக இருந்தால் பட்டி தடிமனாகப் போட்டிருக்கிறது. பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படும் இடம் இன்னும் தட்டி முடிக்காத இடம்.

பட்டிக்குப் பதில் ஈயம் பூசிய காரில் கொப்புளம் வந்தால், ஈயம் ஒட்டுவதற்காகத் தடவிய அமில ஃப்ளக்ஸ் மிச்சம் இருக்கிறது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பின் வெறும் தண்ணீரால் கழுவி, முழுசாக உலர்த்திய பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். 30 பங்கு வெள்ளீயமும் 70 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 255 டிகிரி வாக்கில்தான் முழுத் திரவமாகும். இந்த இடைவெளியில்தான் அது வெண்ணெய் பதத்தில் கைக்கு அடங்கும், தகரத்தையும் பெரிதாகச் சூடாக்காது. ஈயத்தை மின்சாரச் சாண்டரால் ஒருபோதும் தேய்க்காதீர்கள். தூசி நுரையீரலுக்குப் போகும். பாடி அரத்தால் சீவினால் துகள் கனமாகக் கீழே விழும், கூட்டி எடுத்துவிடலாம்.

நடு பில்லரை எடுத்த காரில் மேடு பள்ளத்தில் கதவு திறந்துகொள்கிறது

1949-ல் காடிலாக், ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் நடு பில்லர் மேலே இல்லாத ஹார்ட்டாப்பைக் கொண்டுவந்ததும், கஸ்டம் கார்க்காரர்களும் தங்கள் காரில் அந்தத் திறந்த தோற்றத்தை விரும்பினார்கள். ஆனால் தொழிற்சாலை அந்தக் கார்களின் அடிப்பாகத்தைக் கெட்டியாக்கித்தான் மேலே பில்லரை எடுத்தது. நாம் மேலே மட்டும் எடுத்தால், பில்லர் சுமந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

கதவின் லாக் வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்ய முடியாது. கதவை மூடி, லாக் பக்கத்து இடைவெளியை அளந்துகொண்டு, காரின் ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் பாடி முறுகுகிறது. பில்லரின் கீழ்பாதி, லாக் பிடிக்கும் கட்டை, தரையோடு அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் அடியிலிருந்து எதிர்ப்பக்கக் கட்டைக்குத் தரையின் குறுக்கே ஒரு பெட்டிக் குழாய், இருபுறமும் கதவடிப் படியின் உள்ளே மற்றொரு பெட்டி, சேஸிஸில் எக்ஸ் வடிவக் குறுக்குச் சட்டம் இல்லையென்றால் அதுவும். இதற்கு மேல், கூரையின் ஓரச் சட்டம் முன் பில்லரிலிருந்து பின் பில்லர்வரை வெட்டில்லாத ஒரே பெட்டியாக இருக்க வேண்டும். உள்தகடு நடுவில் அறுந்திருந்தால் கூரை அந்த இடத்தில்தான் மடியும்.

மழைத்தண்ணீர் இறங்குகிறது, காற்று விசிலடிக்கிறது

கதவுக்கு மேலே ஓடும் மழைநீர் ஓடையை எடுத்துவிட்ட கார்களில் இது அதிகம். பழைய கார்கள் பலவற்றில் அந்த ஓடையின் மடிப்புதான் கூரைத் தகட்டையும் உள்சட்டத்தையும் பிடித்திருக்கும் தையல். முழு நீளத்தையும் ஒரே இழுப்பில் அறுத்தால் கூரை பிரிந்து எழும்பிவிடும். சில அங்குலம் அறுத்து, அந்த இடத்தை டேக் அடித்து, பிறகு நகர வேண்டும். எழும்பிய இடம் கதவு ரப்பரைத் தொடாமல் நிற்கும், காற்றும் தண்ணீரும் அங்கே நுழையும்.

எங்கே என்று தெரிய, கதவு வாசலில் ரப்பர் உட்காரும் விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஒருமுறை மூடித் திறங்கள். ரப்பரில் சாக்பீஸ் ஒட்டாத இடம்தான் ஓட்டை. இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் ஒட்டவில்லை என்றால் அங்கே ரப்பரின் அடியில் மெல்லிய பட்டை வைத்தால் போதும். கதவின் மேல்விளிம்பு முழுக்க ஒட்டவில்லை என்றால் சட்டத்தை உள்ளே சாய்க்க வேண்டும். பிறகு ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் குழாயை அழுத்தமில்லாமல் அடியிலிருந்து மேலாகக் கொண்டுபோகட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது முதலில் விட்டது என்று தெரியாது.